உதவுகிறேன் என்று புது ஆட்டக்காரரை விரட்டும் வழிகள்

ஆன்லைன் ரோல்பிளேயிங் கேம் ஒன்றில் ஆசையாகச் சேர்ந்தவர் கொஞ்ச நாளில் காணாமல் போனால், சாட்டில் யாரோ திட்டியிருப்பார்கள், ‘நூப்’ (ஆடத் தெரியாத கத்துக்குட்டி) என்று சொல்லி பார்ட்டியிலிருந்து, அதாவது சேர்ந்து ஆடும் குழுவிலிருந்து, தூக்கியிருப்பார்கள் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அதுவும் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் திட்டுகிறவனை பிளாக் செய்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். அக்கறையோடு கூடவே வந்து, எல்லாவற்றையும் தானே செய்து கொடுத்து, ஆடுவதற்கு எதையுமே மிச்சம் வைக்காத நண்பனை பிளாக் செய்ய முடியுமா? புதியவர்கள் சலித்துப்போய் விலகுவது இந்த இரண்டாவது ஆளால்தான் அதிகம் என்பது என் கணிப்பு.

இது அந்த நண்பருக்காக எழுதியது. உதாரணங்கள் பெரும்பாலும் ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற ஆன்லைன் கேமிலிருந்து எடுத்திருக்கிறேன். புதியவர்களுக்காக அங்கே செய்து வைத்திருக்கும் ஏற்பாடுகள் ஏராளம். அத்தனையையும் தாண்டி நாம் எப்படிச் சொதப்புகிறோம் என்பதும் அங்கே நன்றாகத் தெரியும்.

<b>பவளத்தைத் தொட்டுவிட்டு ஓடுவது</b>

அந்த கேமில் புதிதாக வந்தவரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு சின்ன முளை தெரியும். முளையோடு இருப்பவர் 15-ஆம் லெவலில் நுழையும் முதல் டன்ஜன், அதாவது குழுவாகப் போய் முடிக்க வேண்டிய சண்டைக் களம், சஸ்டாஷா. கடலோரக் குகை, உள்ளே கொள்ளையர் கூடாரம். முன்னால் நின்று அடி வாங்க ஒரு டேங்க், காயம் ஆற்ற ஒரு ஹீலர், எதிரியை அடிக்க இரண்டு டிபிஎஸ் என நான்கு பேர் போக வேண்டும். உள்ளே ஓரிடத்தில் ரத்தக்கறை படிந்த ஒரு சீட்டு கிடக்கும். கொஞ்சம் தள்ளி சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பவளப் பாறைகள். எந்த நிறத்தைத் தொட வேண்டும் என்று சீட்டில் இருக்கும். சரியானதைத் தொட்டால் சாப்பர் என்ற மிருகம் பாய்ந்து வரும். அதைக் கொன்றால் ஒளித்து வைத்த சுவிட்ச் கண்ணில் படும், கதவு திறக்கும்.

பல முறை போய் வந்த ஆள் என்ன செய்கிறார்? சீட்டைக்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை, நேராக ஓடிப் பவளத்தைத் தொடுகிறார். தப்பான நிறமாக இருந்தால் சில்லறை எதிரிகள் வருவார்கள், அவர்களையும் அடித்துவிட்டு அடுத்த நிறம். முளை வந்து சேருவதற்குள் சாப்பர் செத்துக் கிடக்கிறது, கதவு திறந்திருக்கிறது. விடுகதை போட்டு முடிப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர் விடையைச் சொல்லிவிட்ட கதைதான். இங்கே விடுகதை ஒன்று இருந்ததே புதியவருக்குத் தெரியாமல் போகிறது என்பது இன்னும் மோசம். ‘சுற்றிப் பார், கிடைப்பதைப் படி’ என்று கேம் சொல்லித் தர நினைத்த முதல் பாடம் அதோடு போச்சு.

அதே டன்ஜனில் வேறொன்றும் நடக்கும். டேங்காக வந்த முளை எதிரியை அடிக்கிறார், எதிரியோ அவரைக் கண்டுகொள்ளாமல் ஹீலரைத் துரத்துகிறது. டேங்க் வகைகளில் ஒன்றான கிளாடியேட்டருக்கு 10-ஆம் லெவலில் ‘அயர்ன் வில்’ என்ற ஸ்டான்ஸ் கிடைத்திருக்கும். அதை ஆன் செய்தால்தான் எதிரிகளின் கோபம் டேங்க் மேல் திரும்பும். ஒருமுறை ஆன் செய்தால் அப்படியே இருக்கும், தெரியாமல் மறுபடி அழுத்தினால் ஆஃப் ஆகிவிடும். ஆஃப் ஆனது அவருக்குத் தெரிவதே இல்லை. இங்கே வாயைத் திறக்க வேண்டும். “ஸ்டான்ஸ் ஆஃப்ல இருக்கு, அயர்ன் வில் ஒருதடவை அமுக்குங்க” என்று ஒரு வரி போதும்.

இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப் போகிறேன். கேம் தானாகச் சொல்லப் போவதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். கேம் சொல்லாமல் விட்டதைச் சொல்லுங்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

சஸ்டாஷாவின் கடைசி பாஸ் (பெரிய எதிரி) டென்னிடம் சண்டை போடும்போது ஓரத்தில் நீர் கொப்பளிக்கும் இடங்களைப் போய்த் தடுக்காவிட்டால் அவனுடைய கூட்டாளிகள் மேலே ஏறி வருவார்கள். “அதை நான் பாத்துக்கறேன், நீ பாஸை அடி” என்பது ஒரு வகை உதவி. “அங்க தண்ணி கொப்பளிக்குதே, என்னன்னு பாரேன்” என்பது இன்னொரு வகை. முதலாவதில் உங்களுக்கு அரை நிமிடம் மிச்சம். இரண்டாவதில் அவருக்கு ஒரு வெற்றி. போதாததற்கு, பார்ட்டியில் முதல்முறை வருபவர் இருந்தால் முடித்ததும் எல்லோருக்குமே போனஸ் உண்டு. மெதுவாகப் போவதற்குத்தான் கேமே காசு கொடுக்கிறதே, அப்புறம் என்ன அவசரம்?

<b>நிறுவனமே தலையிட்ட கதை</b>

இந்த அவசரம் எவ்வளவு பெரிய தொல்லை என்பதற்கு அதே ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் வரும் ப்ரெட்டோரியம் என்ற டன்ஜன் சாட்சி. கேம் முதலில் 2010-இல் வெளியாகி படுதோல்வி அடைந்து, நவோகி யோஷிதா தயாரிப்புப் பொறுப்பேற்று 2013-இல் மறுபடி வந்ததே, அந்த இரண்டாம் பிறவியின் மூலக்கதை முடிகிற இடம் இது. அப்போது எட்டு பேர் போக வேண்டியிருந்தது, நீளநீளமான கதைக் காட்சிகள் வரும். புதியவர் உட்கார்ந்து கதையைப் பார்த்துக்கொண்டிருக்க, தினசரிப் பரிசுக்காக வந்த பழைய ஆட்கள் ஸ்கிப் அடித்துவிட்டு முன்னால் ஓடி பாஸையே முடித்துவிடுவார்கள். இத்தனை நாள் ஆடியதெல்லாம் எந்தச் சண்டைக்காகவோ, அந்தச் சண்டையில் இவர் கையே படாது.

2018-இல் அங்கே காட்சிகளை யாருமே ஸ்கிப் செய்ய முடியாதபடி மாற்றினார்கள். பழைய ஆட்கள் வில்லனின் பிரசங்கம் ஓடும்போது எழுந்து போய் டீ போட்டுக்கொண்டார்கள். கடைசியில் 2022 ஏப்ரலில் அதை நான்கு பேருக்கான டன்ஜனாகச் சுருக்கி, கணினி இயக்கும் பாத்திரங்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு தனியாகவே முடிக்கவும் வழி செய்தார்கள். சஸ்டாஷா போன்ற ஆரம்ப டன்ஜன்களுக்கும் அதே வசதி வந்தது. கணினிப் பாத்திரங்கள் முந்தி ஓடுவதில்லை, பெருமூச்சு விடுவதில்லை. மனிதர்களோடு ஆட வந்தவருக்குக் கணினித் துணையே நிம்மதி என்று ஆனது நாம் வெட்கப்பட வேண்டிய விஷயம்தான்.

<b>கையில் கொடுத்துக் கெடுப்பது</b>

லெவலைக் காசுக்கு விற்பது இப்போது சகஜம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற கேமில் 2014-லிருந்தே இருக்கிறது. “நான் இருக்கும் இடத்துக்கு நீயும் சீக்கிரம் வா” என்று நண்பருக்கு அதை வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. திறந்து பார்த்தால் திரையின் அடியில் முப்பது பட்டன். ஒவ்வொரு லெவலாக ஏறி வந்திருந்தால் ஒவ்வொன்றாகக் கைக்குப் பழகியிருக்கும். மொத்தமாகக் கொட்டினால் எது எதற்கு என்றே புரியாது. இவரை அப்படியே பெரிய டன்ஜனுக்குக் கூட்டிப்போய், எல்லார் முன்னாலும் திட்டு வாங்க வைப்பது அடுத்த கட்டம்.

உயர்ந்த லெவல் கேரக்டரோடு போய்ச் சின்ன டன்ஜன்களில் ஒரே அடியில் எல்லாவற்றையும் வீழ்த்திக் காட்டுவதும் இதே ரகம்தான். புதியவர் பின்னாலேயே ஓடிவந்து லூட் (எதிரிகள் விட்டுப்போகும் பொருள்) பொறுக்கிக்கொண்டிருப்பார். அவரோடு சேர்ந்து ஆட ஆசையிருந்தால் நீங்கள் கீழே இறங்குங்கள். வார்கிராஃப்டில் உங்கள் லெவலை நண்பரின் அளவுக்குக் குறைத்துக்கொள்ளும் பார்ட்டி சிங்க் 2019-இலேயே வந்துவிட்டது. ஃபைனல் ஃபேன்டஸியில் ஒரே கேரக்டர் எத்தனை ஜாப் (கேமுக்குள் செய்யும் தொழில்) வேண்டுமானாலும் கற்கலாம் என்பதால், நீங்கள் இதுவரை தொடாத ஒரு ஜாப்பை முதல் லெவலிலிருந்து எடுத்துக்கொண்டு அவரோடு நடக்கலாம். உங்களுக்கும் பாதி விஷயம் புதிதாக இருக்கும்.

ஈவ் ஆன்லைன் கதை இன்னும் கடுமை. 2003-இலிருந்து ஓடும் அந்த விண்வெளி கேமில் உடைந்த கப்பல் உடைந்ததுதான், திரும்பக் கிடைக்காது. திறன்களும் நிஜ நேரக் கணக்கில்தான் வளரும். இந்த நிலையில் பாசத்தோடு பேட்டில்ஷிப் என்ற பெரிய போர்க்கப்பல் ஒன்றை வாங்கிப் பரிசளித்தால், அதைச் சரியாக ஓட்டத் தெரியாத புதியவர் முதல் பயணத்திலேயே பறிகொடுப்பார். நண்பரின் சொத்தை அழித்துவிட்டோம் என்ற குற்ற உணர்வு வேறு. போனால் கவலைப்படாத கப்பலில் மட்டும் ஏறு என்பது அங்கே எல்லோரும் சொல்லும் பாலபாடம். புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் நல்ல குழுக்கள் மலிவான சின்ன ஃப்ரிகேட்களை அள்ளிக் கொடுத்து, போய் உடைத்துக்கொண்டு வா என்று அனுப்பும். 2004-லிருந்து ஈவ் யுனிவர்சிட்டி என்று ஒரு குழு இதற்காகவே, ஆட்டக்காரர்களாலேயே, நடக்கிறது. தோற்பதற்குப் பயம் போன பிறகுதான் அந்த கேமே ஆரம்பமாகிறது.

<b>சொல்லியே ஆக வேண்டியவை</b>

கேம் சொல்லாததைச் சொல்லச் சொன்னேனே, அது பெரும்பாலும் உள்ளே நுழைவதற்கு முன்பே வரும். நம் ஊர்க்காரர்கள் கோட்டை விடுவதும் இங்கேதான்.

ஃபைனல் ஃபேன்டஸி 14-இன் இலவச ட்ரையலில் 2023 அக்டோபரிலிருந்து 70-ஆம் லெவல் வரை, முதல் இரண்டு எக்ஸ்பான்ஷன்களும் (பிறகு வந்த கூடுதல் பாகங்கள்) சேர்த்து, நாள் கணக்கே இல்லாமல் ஆடலாம். பதிலுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. கையில் 3,00,000 கில்லுக்கு (கேமுக்குள் புழங்கும் பணம்) மேல் வைத்துக்கொள்ள முடியாது, சந்தையில் வாங்க விற்க முடியாது, கில்டில் (ஆட்டக்காரர்களின் நிரந்தரக் குழு) சேர முடியாது, பார்ட்டியைத் தானாக அமைக்க முடியாது. நீங்கள் அழைத்தால் சேரலாம். இது தெரியாமல் “உடனே வாங்கிடு” என்று அவசரப்படுத்தினால், வாங்கிய கணக்கு மறுபடி ட்ரையலாக மாறாது. மாதச் சந்தா தொடங்கிவிடும். ஸ்டீம் என்ற கேம் விற்கும் தளத்தில் வாங்கினால் பிறகு எக்ஸ்பான்ஷன்களையும் ஸ்டீமில்தான் வாங்க வேண்டும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் சர்வர். உலகச் சேவைக்கு ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா, ஓசியானியா என்றுதான் டேட்டா சென்டர்கள், இந்தியாவில் கிடையாது. பிங் (சர்வருக்குத் தகவல் போய்வர ஆகும் நேரம்) பார்த்துத்தான் நாம் இடம் பிடித்திருப்போம். நீங்கள் எந்த டேட்டா சென்டர், அதற்குள் எந்த வேர்ல்டில் (தனி சர்வர்) இருக்கிறீர்கள் என்று கேரக்டர் உருவாக்கும் முன்பே சொல்லாவிட்டால், அவர் எங்கோ ஒரு மூலையில் ஆசை ஆசையாக முகம் செதுக்கிவிட்டு வந்து நிற்பார்.

மோசடி பற்றியும் ஒரு வார்த்தை. “உன் கவசத்துக்கு இலவசமாக அலங்கார ஓரம் போட்டுத் தருகிறேன், கொடு” என்று வாங்கிக்கொண்டு ஓடுவது ரூன்ஸ்கேப் என்ற கேமில் பழங்காலத்து ஏமாற்று. ஈவ் ஆன்லைனில் அனுப்பிய பணத்தை இரட்டிப்பாக்கித் தருவதாக ஜிட்டா சந்தையின் சாட்டில் இன்றும் கூவுவார்கள். புதியவர்கள் தொடங்கும் சில மண்டலங்களில் அவர்களை ஏய்ப்பதற்குத் தடை உண்டு, அதைத் தாண்டினால் அவரவர் சாமர்த்தியம். “பாஸ்வேர்டு கொடு, நானே லெவல் ஏத்தித் தர்றேன்” என்று மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். விதிமீறலில் கணக்கு முடங்கினால் அவருடையதுதான் முடங்கும். அதோடு, பாஸ்வேர்டு பகிர்வது சாதாரணம் என்று நீங்களே பழக்கிவிட்டால் அடுத்து கேட்பவனுக்கும் கொடுப்பார்.

<b>வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடங்கள்</b>

“இப்ப போரடிக்கும் மச்சி, 50-க்கு மேலதான் கதையே சூடு பிடிக்கும்.” பழைய ஆட்கள் அன்போடு சொல்லும் இந்த வாக்கியத்தைப் போல ஆளைக் கவிழ்ப்பது வேறில்லை. அவர் அதுவரை ரசித்துத்தான் ஆடிக்கொண்டிருந்திருப்பார். ரசித்தது மட்டம் என்று இப்போது தெரிந்துவிட்டது, இன்னும் பல மணி நேரம் அதைத் தாண்டியாக வேண்டும் என்றும் தெரிந்துவிட்டது. டிஸ்கார்டில் ஸ்ட்ரீம் போட்டுக் காட்டும்போது ஒரு பாத்திரம் வந்ததும் “ஐயோ, இவனா...” என்று இழுப்பதும் கதையை உடைப்பதுதான். யார் சாவார் என்பதை அந்த இழுவையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

பாஸ் முன்னால் நின்று ஐந்து நிமிடம் பாடம் எடுப்பதும் வேண்டாம். ஏஓஇ, ஸ்டாக், ஸ்ப்ரெட், ரேஸ்டு என்று அடுக்கினால் எதுவும் மண்டையில் ஏறாது. “தரையில ஆரஞ்சு கலர் தெரிஞ்சா வெளிய வந்துடு.” முதல்முறைக்கு இவ்வளவு போதும். செத்தால் சாகட்டும், இரண்டாவது முறை அவரே கேட்பார். அப்போது “கூகுள்ல தேடு” என்று தள்ளிவிடாதீர்கள். புதியவர் கேட்கும் பாதிக் கேள்விகள் பேச்சுத் துணைக்காகத்தான்.

எது ஆடுவது என்பதையும் அவரிடமே விடுங்கள். 1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பலர் சேர்ந்து எழுத்தாலேயே ஆடும் முதல் மட் கேமை ராய் ட்ரப்ஷாவோடு சேர்ந்து உருவாக்கிய ரிச்சர்ட் பார்ட்டில், 1996-இல் ஆட்டக்காரர்களை நான்காகப் பிரித்தார். சாதிக்க வருபவர், சுற்றிப் பார்க்க வருபவர், பழக வருபவர், மோத வருபவர். நீங்கள் முதல் வகை என்பதற்காக அவரும் அப்படியே இருக்க வேண்டுமா? ஃபைனல் ஃபேன்டஸியில் மீன் பிடிக்க லிம்ஸா துறைமுகத்துக்குப் போனவரை “டேய், அத விடு, மெயின் குவெஸ்ட்டுக்கு வா” என்று இழுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். மீனவர் ஜாப்பும் அந்த கேமில்தானே இருக்கிறது.

இவ்வளவும் படித்துவிட்டு, அங்கே தலைமேல் கிரீடம் வைத்த மென்டர்களிடம் (புதியவர்களுக்கு வழிகாட்ட முன்வந்த பழைய ஆட்டக்காரர்கள்) விட்டுவிடலாமே என்று தோன்றலாம். நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கேம் தானே ஏதோ ஒரு களத்துக்கு உதவ அனுப்பும் மென்டர் ரூலெட்டை 2,000 முறை முடித்தால் ஆஸ்ட்ரோப் என்ற குதிரை கிடைக்கும், அந்தக் குதிரைக்காகவே கிரீடம் வாங்கியவர்களும் நிறைய. புதியவர்களுக்கென்று இருக்கும் சாட் சேனலில் இவர்கள் தங்களுக்குள்ளேயே அரட்டை அடித்துக்கொண்டிருக்க, முளை கேட்ட கேள்வி மேலே ஏறிக் காணாமல் போகும். உங்கள் கில்டின் டிஸ்கார்டில், யாரையும் தெரியாத இருநூறு பேருக்கு நடுவே அவரை இறக்கிவிட்டாலும் இதேதான் நடக்கும். முதலில் இரண்டு மூன்று பேரை அறிமுகம் செய்யுங்கள்.

அவர் ஒரு வாரம் வரவில்லை என்றால் “இன்னிக்கு வருவியா?” என்று தினமும் மெசேஜ் போட வேண்டாம். ட்ரையலுக்குக் கெடு இல்லை, கேரக்டர் அங்கேயேதான் இருக்கும். 45 நாள் எட்டிப் பார்க்காவிட்டால் இடித்துவிடுவார்களே என்று பதறிக்கொண்டு உள்ளே வருவதெல்லாம் கேமுக்குள் வீடு வாங்கிய நம்மைப் போன்றவர்கள்தான்.