அண்ணனின் பழைய கேள்வித்தாளை வைத்து எஸ்டிபிஎம் கணிதம் படிப்பது எப்படி

எஸ்டிபிஎம் என்பது மலேசியாவில் ஆறாம் படிவத்தில் எழுதும் தேர்வு. பழைய கேள்வித்தாள் கிடைத்தால், முதலில் அட்டையைப் புரட்டி ஆண்டைப் பாருங்கள். 2012-க்கு முந்தையது என்றால் அது வேறு மாதிரித் தேர்வு. அப்போது எஸ்டிபிஎம்-இன் ஒரு கணிதப் பாடமான கணிதம் டி-யில் இரண்டு ஆண்டுப் படிப்பும் கடைசியில் மூன்று மணி நேரத் தாள்கள் இரண்டில் வந்து நிற்கும். அன்றைக்குக் காய்ச்சல் வந்தால் போச்சு. 2012-இல் கீழ் ஆறாம் படிவத்தில் (ஆறாம் படிவத்தின் முதல் ஆண்டில்) சேர்ந்தவர்களிலிருந்து மூன்று செமஸ்டர், செமஸ்டருக்கு ஒரு தாள், அதோடு 20 விழுக்காட்டுக்கு இடுபணி (கோர்ஸ்வொர்க்) என்று முறை மாறியது.

சுங்கை சிப்புட்டில் என்னிடம் டியூஷனுக்கு வரும் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அண்ணனோ மாமாவோ விட்டுப்போன தொகுப்போடுதான் வருகிறார்கள். "டீச்சர், இது பழசு, தூக்கிப் போடட்டுமா?" என்பார்கள். வேண்டாம். தொகையீடு அன்றைக்கும் இன்றைக்கும் தொகையீடுதான்.

பென்சிலை எடுத்து ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் 1, 2, 3 என்று செமஸ்டர் எண் போடுங்கள். பழைய முதல் தாளில் அணியும் (மேட்ரிக்ஸ்) வகையீடும் கலந்து கிடக்கும். அணி, வெக்டர், தொடர் எல்லாம் 1. வகையீடு, தொகையீடு, வகைக்கெழுச் சமன்பாடு 2. நிகழ்தகவும் புள்ளியியலும் 3. வட்டத்துக்குள் நாற்கரம் வரைந்து நிறுவச் சொல்லும் வடிவியல் கேள்விகளை அடித்துவிடுங்கள், அந்தப் பாடம் இப்போதைய பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான். நிறுவல் எழுதக் கை பழகியதே அங்கேதான்.

அடுத்தது நேரம். பலர் சறுக்குவது இங்கேதான். பழைய தாள் 100 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம். இன்றையது 60-க்கு 90. மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம் இருந்தது 1.5 ஆகிவிட்டது. ஆகவே பழைய 10 மதிப்பெண் கேள்வியை 18 நிமிடத்தில் முடித்துவிட்டு நிம்மதியாகப் பசியாறப் போகாதீர்கள். கைப்பேசியில் 15 வைத்துவிட்டு எழுதுங்கள். பழைய தாளில் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுத வேண்டும். இப்போது பி பிரிவில் இரண்டில் ஒன்று போதும். அதனால் பழைய நீளக் கேள்விகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வையுங்கள். இரண்டையும் கடைசி வரி வரை படித்த பிறகே ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பழகுங்கள். முதல் வரி சுலபமாகத் தெரிவது கடைசியில் கழுத்தை அறுக்கும்.

மூன்றாம் செமஸ்டருக்கு அண்ணன் நோட்டு பாதிதான் உதவும். கருதுகோள் சோதனை, கை-வர்க்கச் சோதனை (chi-squared) இரண்டும் அதில் இருக்காது. புதிய புத்தகம் வேண்டும். பயிற்சிக்கு எண்களை நீங்களே திரட்டலாம். அப்பா செம்பனைத் தோட்டத்தில் இருந்தால் முப்பது நாற்பது குலைகளின் எடையைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். சராசரி 20 கிலோ என்று யாராவது சொன்னால், கருதுகோள் சோதனை செய்து 5 விழுக்காடு முக்கியத்துவ மட்டத்தில் அது நிற்கிறதா என்று பாருங்கள்.

இடுபணியில் அறிக்கையோடு வாய்மொழி விளக்கமும் உண்டு. எழுதியதை யாரிடமாவது சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். கணிதம் தெரியாத அக்கா கிடைத்தால் ரொம்ப நல்லது, "ஏன்?" என்று அவர்தான் கேட்பார். ஃபோட்டோமேத் (கணக்கைப் படமெடுத்தால் தீர்த்துக் காட்டும் செயலி) வழிமுறையைப் பார்த்து எழுதியவர்கள் அந்த "ஏன்"-இல் மாட்டிக்கொள்வார்கள். செயலியை விடையைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் செமஸ்டர் சரியாக வரவில்லையென்றால் அந்தத் தாளை மறுபடி எழுதலாம். அண்ணன் காலத்தில் அதற்கு இன்னொரு வருடம் காத்திருந்து முழுப் பாடத்தையும் எழுத வேண்டும். பென்சிலால் 1 போட்ட கேள்விகளை அழிக்காமல் வைத்திருங்கள்.