எலிசபெத் காலத்து பிரிண்டர் பத்தி எழுதறப்ப எல்லாரும் பண்ற தப்புகள்

முதலாம் எலிசபெத் ராணி காலத்து (1558–1603) லண்டன்ல புக் போட்டு வித்தவங்கள வச்சு கதையோ வீடியோ ஸ்கிரிப்டோ எழுதறீங்கன்னா, மொதல்ல பேப்பர் செலவ மனசுல வச்சுக்கங்க. அத விட்டுட்டு எழுதறதாலதான் பாதி தப்பு வருது. பேப்பர் பெரும்பாலும் பிரான்ஸ்ல இருந்து கப்பல்ல வரணும், டைப்ப (ஈய எழுத்து அச்சுகள) கலைச்சு திரும்ப கோர்த்துக்கலாம் ஆனா அடிச்ச பேப்பர் அடிச்சதுதான், விக்கலைன்னா காசு போட்டவன் தலையில துண்டுதான்.

அந்த காச போட்டது யாருங்கறதுலதான் ரொம்ப பேர் குழப்பிக்கறாங்க. பிரிண்டர், பப்ளிஷர், கடைக்காரர் எல்லாம் ஒரே ஆள்னு எழுதிடறாங்க. சில சமயம் ஒரே ஆளா இருந்தாங்கதான், ஆனா எப்பவும் இல்ல. ஷேக்ஸ்பியரோட வீனஸ் அண்ட் அடோனிஸ் கவிதை புக் 1593ல வந்தப்ப ரிச்சர்ட் ஃபீல்ட் அச்சடிச்சார், விக்கறது செயின்ட் பால்ஸ் சர்ச்யார்டுல (லண்டன் பெரிய சர்ச்ச சுத்தி புக் கடைங்க இருந்த இடம்) வெள்ளை கிரேஹவுண்ட் நாய் போர்டு போட்ட கடையிலன்னு முகப்பு பக்கத்துலயே இருக்கு. அடுத்த வருஷம் ஷேக்ஸ்பியரோட இன்னொரு கவிதை லூக்ரீஸ் வந்தப்ப "ஜான் ஹாரிசனுக்காக" ஃபீல்ட் அச்சடிச்சதுன்னு போட்டாங்க, அதாவது போட்ட காசு ஹாரிசனோடது, ஃபீல்டுக்கு அது ஒரு ஜாப் வொர்க். முகப்புல இருக்கற அந்த ரெண்டு வரிய படிச்சாலே பாதி விஷயம் புரிஞ்சிடும்.

எழுதினவருக்கு ராயல்டி வந்துச்சுன்னு தயவுசெஞ்சு எழுதாதீங்க. ஸ்டேஷனர்ஸ் கம்பெனி (லண்டன் அச்சகக்காரங்க, புக் வியாபாரிங்களோட சங்கம்) ரிஜிஸ்டர்ல ஆறு பென்ஸ் கட்டி பதிவு பண்ண வியாபாரிக்குத்தான் உரிமை. 1594ல வந்த ஷேக்ஸ்பியர் நாடகம் டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸ் முகப்புல எழுதினவர் பேரே கிடையாது. இன்னொன்னு, அந்த கம்பெனிக்கு சாசனம் 1557ல மேரி ராணி குடுத்தது, எலிசபெத் வந்து உறுதிப்படுத்தினாங்க அவ்ளோதான்.

அச்சகத்துக்குள்ள ஒரு சீன் வைக்கறீங்கன்னா, ஒருத்தரே தனியா அச்சடிக்கற மாதிரி காட்டாதீங்க. முதல் நாளே பேப்பர நனைச்சு வச்சிடுவாங்க, அப்பதான் மை பிடிக்கும். கம்பாசிட்டர் ஒவ்வொரு எழுத்தா கோர்த்து குடுப்பார், ஒருத்தர் கம்பளி அடைச்ச தோல் பந்து ரெண்ட கையில வச்சு டைப் மேல மை தட்டுவார், இன்னொருத்தர் பிடிய இழுப்பார், அப்புறம் தாள கயித்துல காயப் போடுவாங்க. மை வந்து ஆளி விதை எண்ணெய காய்ச்சி கரிப்புகைப் பொடி கலந்தது.

ஒரே பதிப்புன்னா எல்லா பிரதியும் ஒரே மாதிரி இருக்கும்னு நெனைக்கறதும் தப்பு. மெஷின் ஓடிட்டு இருக்கறப்பவே பிழை கண்ணுல பட்டா நிறுத்தி திருத்திட்டு மறுபடி ஓட்டுவாங்க, ஆனா முன்னாடி அடிச்ச தப்பு தாள தூக்கி போட மாட்டாங்க (பேப்பர் வில அப்படி), அதையும் சேர்த்தே கட்டிடுவாங்க. அதனாலதான் இன்னைக்கு ஆராய்ச்சி பண்றவங்க ஒரே பதிப்போட ஒவ்வொரு பிரதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கறாங்க. எனக்கு இந்த தொழில்லயே ரொம்ப பிடிச்ச விஷயம் இதுதான்.

ஒரு புக்க ஆயிரக்கணக்குல அடிச்சு குவிச்சாங்கன்னும் எழுதாதீங்க. 1587ல போட்ட விதிப்படி ஒரு தடவ கோர்த்த டைப்புல சாதாரண புக் 1,250 இல்லாட்டி 1,500 தான் அடிக்கலாம், கம்பாசிட்டர்களுக்கு வேலை போயிடக்கூடாதுன்னு. பள்ளிக்கூட அரிச்சுவடி மாதிரி ஓடற சரக்கு வேற கத, அதுக்கு உரிமை ஜான் டே கையில இருந்துச்சு, ரோஜர் வார்ட் அத திருட்டுத்தனமா 10,000 பிரதி அடிச்சிட்டு மாட்டினார்.

பொம்பளைங்களே இல்லாத தொழிலா காட்டறதும் சரியில்ல. ஃபீல்டுக்கு தொழில் கத்துக்குடுத்த தாமஸ் வோட்ரோலியே 1587ல இறந்தப்ப அச்சகம் அவர் மனைவி ஜாக்குலின் கைக்குத்தான் போச்சு, ஃபீல்ட் அவங்கள கல்யாணம் பண்ணித்தான் சொந்த அச்சகக்காரர் ஆனார்.

பயத்தையும் விட்டுடாதீங்க. ராணியோட கல்யாணப் பேச்ச எதிர்த்து 1579ல புத்தகம் எழுதின ஜான் ஸ்டப்ஸுக்கும் அத பரப்பின வில்லியம் பேஜுக்கும் வலது கைய வெட்டினாங்க, அச்சடிச்ச ஹியூ சிங்கிள்டன் மன்னிப்பு கிடைச்சு தப்பிச்சார். கத்தோலிக்க புத்தகம் அச்சடிச்ச வில்லியம் கார்ட்டருக்கு அந்த மாதிரி மன்னிப்பு கிடைக்கல, 1584ல மரண தண்டனைதான்.