ஏசிபி ஜாயிண்ட்ல தண்ணி ஒழுகினத நிறுத்துனது இப்படித்தான்

எங்க ஆபீஸ் முன்பக்கம் முழுக்க ஏசிபி ஷீட்டு (ரெண்டு அலுமினியத் தகடுக்கு நடுவுல பிளாஸ்டிக் வச்ச பேனல்), லாபி தூணுக்கும் அதேதான். ஐப்பசி மழைல மூணாவது மாடி சீலிங்ல ஒரே ஈரம். சாரம் கட்டி ஏறிப் பாத்தா ஜாயிண்ட் சிலிக்கான் கிழிஞ்சு, நகத்தால இழுத்தா நாடா மாதிரி உரிஞ்சு வருது. அலுமினியம் வெயில்ல நீளும், 8 அடி ஷீட்டு, சூடு 40 டிகிரி கூடுனா 2 மில்லிமீட்டருக்கு மேலயே நீளும், பேக்கர் ராடு (இடைவெளிக்குள்ள திணிக்கிற ஃபோம் கயிறு) வைக்காம அடிச்சதால சிலிக்கான் அடிலயும் ஒட்டிக்கிட்டு, இழுத்துக் குடுக்க முடியாம கிழிஞ்சிருக்கு. பழசை சுரண்டி, ராடு திணிச்சு, ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி நியூட்ரல் சிலிக்கான் (காயும்போது அமிலம் விடாதது) அடிச்சோம். அடுத்த மழைக்கு ஒரு சொட்டு இல்ல. கழட்டி மாத்துன ரெண்டு ஷீட்டு நடுவுல வெறும் பாலிஎத்திலீன், 2017ல லண்டன் கிரென்ஃபெல் டவர்ல தீ பரவுனது இந்த மாதிரி ஷீட்டாலதான், அதனால புதுசா போட்ட ரெண்டும் எஃப்ஆர் கோர்தான் (சுலபமா தீப்பிடிக்காத நடுப்பகுதி) வேணும்னு அடம்பிடிச்சு வாங்கினேன், மீதியையும் மாத்தச் சொல்லி கேட்டுக்கிட்டே இருக்கேன்.