மணிலா சால்வையின் நுனியைப் பிடித்து: ஸ்பானிய நாவல்களைப் படிக்க ஒரு வழி

பினாங்கில் எங்கள் சிறிய வாசகர் வட்டம் ஸ்பானிய நாவல்களைக் கையில் எடுத்தபோது, ஸ்பானியப் பேரரசு என்றால் போர்க்களமும் கப்பலும் ஆளுநரும் வருவார்கள் என்று காத்திருந்தோம். வந்தவையோ கல்யாணப் பேச்சும் கடைக் கணக்கும்தான். பேரரசு அங்கேதான் இருக்கிறது என்பது பிடிபடச் சில வாரங்கள் ஆயின. புதிதாகத் தொடங்குவோர் அந்த வாரங்களை மிச்சப்படுத்தலாம்.

ஸ்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பே போதும். ஓர் ஆண்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: கியூபா, புவேர்ட்டோ ரிக்கோ, பிலிப்பைன்ஸ் ஆகியவை ஸ்பெயினின் கையைவிட்டுப் போன 1898.

முதலில் அண்டை வீடான பிலிப்பைன்ஸிலிருந்து தொடங்குங்கள். அந்நாட்டு எழுத்தாளர் ஹோசே ரிசால் 1887இல் பெர்லினில் வெளியிட்ட ‘நோலி மெ தாங்கெரே’ ஸ்பானிய மொழியிலேயே எழுதப்பட்டது. அதில் வரும் தோன்யா விக்டோரினா ஒரு பிலிப்பினோப் பெண். முகத்தில் மாவை அப்பிக்கொண்டு, திக்குவாயும் நொண்டிக் காலும் கொண்ட ஒரு ஸ்பானியரை மணந்து, தன்னையும் ஸ்பானியராகவே காட்டிக்கொள்பவர். நாம் சிரிக்கிறோம். சிரித்த பக்கத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, வெள்ளைத் தோலின் மீதான மோகத்துக்கான கேலி ஏன் ஒரு பெண்ணின் மீது இவ்வளவு கனமாக இறங்குகிறது என்று ஓரத்தில் எழுதிவையுங்கள். ரிசாலை மதிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி கசக்கும். எங்கள் வட்டத்திலும் கசந்தது.

அடுத்து ஸ்பெயின் நாவலாசிரியர் பெனித்தோ பெரெஸ் கால்தோஸின் ‘ஃபொர்த்துனாத்தாவும் ஹசிந்தாவும்’. நீளத்தைக் கண்டு தொடக்க அத்தியாயங்களைத் தாண்டிவிடாதீர்கள், ஏனெனில் மாட்ரிட் வணிகக் குடும்பத்தின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பது அங்கேதான் சொல்லப்படுகிறது. நாயகனின் தாய் வளர்ந்த கடையில் மணிலா சால்வைகள் விற்கப்பட்டன. ஆனால் அந்தச் சால்வைகளில் பூவேலை செய்தவர்கள் சீனாவின் காண்டன் நகரத்துக் கைவினைஞர்கள். வடதமிழ்நாட்டில் வேர்க்கடலையை மணிலாக்கொட்டை என்பார்களே, அதுபோல் இங்கும் பெயர் துறைமுகத்தைக் காட்டிவிட்டு விளைவித்தவரை மறைத்துவிடுகிறது. பிறகு கதைக்கு வாருங்கள்: பிள்ளையில்லாத பணக்கார மனைவியிடம், ஏழைப் பெண் பெற்ற குழந்தை கடைசியில் வந்து சேர்கிறது. சால்வை வந்த வழியையும் குழந்தை வந்த வழியையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள். (ஸ்பானியப் பணம் நமக்கும் அந்நியமன்று. பினாங்குக்காகக் கெடா சுல்தானுக்கு ஆங்கிலேயர் ஆண்டுதோறும் 6,000 ஸ்பானிய டாலர் தருவதாகத்தான் 1791ஆம் ஆண்டு ஒப்பந்தம் சொன்னது.)

கியூபாவில் பிறந்த கெர்த்ரூதிஸ் கோமெஸ் தெ அவெயானேதாவின் ‘சாப்’ 1841இல் மாட்ரிட்டில் வெளிவந்தது. கரும்புத் தோட்டத்து அடிமையான சாப், எசமானின் மகளைக் காதலிக்கிறான். அடிமை பொன் சேர்த்து விடுதலையை வாங்கலாம், மணமான பெண்ணுக்கோ கல்லறைதான் விடுதலை என்று தன் கடைசிக் கடிதத்தில் எழுதுகிறான். உருக்கமான இடம்தான், ஆயினும் இந்த ஒப்புமையை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. அந்தத் தோட்டத்தில் அடிமையாகவும் பெண்ணாகவும் இருந்தவள் என்ன சொல்லியிருப்பாள்? நாவலில் அவள் குரல் அரிதாகவே கேட்கிறது. ஒரே ரப்பர்த் தோட்டத்தில் ஆணைவிடக் குறைந்த கூலி பெற்ற பாட்டிமாரின் பேரப்பிள்ளைகளான நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஸ்பெயின் எழுத்தாளர் எமிலியா பார்தோ பசானின் ‘லா த்ரிபூனா’வில் (1883) புகையிலை ஆலைப் பெண்கள் வருகிறார்கள், சுருட்டு சுற்றும் விரல்களைக் கவனித்தால் போதும்.

இவற்றை முடித்தபின் ஆப்பிரிக்காவின் எக்குவடோரியல் கினிக்குச் செல்லுங்கள். அந்த நாடு ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றது 1968இல்தான். மரியா ன்சுவே அங்குவே 1985இல் வெளியிட்ட ‘எக்கோமோ’வில் ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணே ஸ்பானிய மொழியில் தன் கதையைச் சொல்கிறாள். ஆனால் நூலின் தலைப்பு அவள் கணவனின் பெயர். அந்த நூலுக்கான வாசகர் கூட்டத்தை அதன் அட்டையிலிருந்தே தொடங்குங்கள்.