கல்லின் மணியைப் பாருங்கள், வகை தெரியும்

காரைக்குடிப் பக்கம் பழைய வீடு பார்க்க வருகிறவர்கள் பளபளவென்று இருக்கும் எந்தக் கல்லையும் கிரானைட் என்று சொல்லிவிடுகிறார்கள். கையில் ஒரு சின்ன லென்ஸ் இருந்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

முற்றத்துக் கல்தூணின் உடைந்த ஓரத்தைப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு போன்ற குவார்ட்ஸ், வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார், இடையில் மினுங்கும் காக்காய்ப்பொன் என்று மணிமணியாகத் தெரிந்தால் அது கிரானைட். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குழம்பு மிக மெதுவாக ஆறியதால் படிகங்கள் பெரிதாக வளர நேரம் கிடைத்தது. அதே குழம்பு எரிமலை வழியாக வெளியே வந்திருந்தால் சீக்கிரம் இறுகி, மணியே கண்ணுக்குத் தெரியாது. அஜந்தா, எல்லோராவைக் குடைந்த பசால்ட் அப்படிப்பட்டது.

அடுத்து நிறம். சிலிக்கா, அதாவது குவார்ட்ஸில் இருக்கும் பொருள், ஏறினால் கல் வெளிறும்; கிரானைட்டில் அது 70 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 45 முதல் 52 சதவீதம் என்றால் கருத்துவிடும். கடையில் 'கருப்பு கிரானைட்' என்று விற்பது பெரும்பாலும் டோலரைட் அல்லது கேப்ரோ என்ற, சிலிக்கா குறைந்த வேறு பாறைகள். கல் உறுதியானதுதான், பெயர்தான் தவறு.

வெள்ளைத் தரை சலவைக்கல்லா என்று சந்தேகமா? அது பாறைக்குழம்பு இறுகி உண்டான நெருப்புப்பாறையே அல்ல, சுண்ணாம்புக்கல் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. மறைவான மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு உடனே துடையுங்கள். அந்த இடம் மங்கினால் சலவைக்கல். அதனால் அந்தத் தரையில் புளித்தண்ணீர் சிந்தினால் காயவிடாதீர்கள்.