காஸ் வேலைக்கு வருபவரின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

"தம்பி, அவரிட்ட கார்ட் இருந்தது. நான் பார்த்தனான்."

கிழக்கு லண்டன் மேனர் பார்க்கில் ஒரு அக்கா என்னிடம் சொன்னது இது. தை மாதக் கடைசி, வீட்டில் ஒரு ஜன்னலும் திறந்திருக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன்புதான் புதுப் பொய்லர், அதாவது வீட்டையும் தண்ணீரையும் காஸால் சூடாக்கும் பெட்டி, போட்டிருந்தார்கள். அது இடையிடையே நின்றுபோகிறது என்று காஸ் என்ஜினியரான என்னைக் கூப்பிட்டிருந்தார். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார்: அம்மாவுக்குத் தினமும் காலையில் தலையிடி, கோவிலுக்குப் போனால் விட்டுவிடும், வீட்டுக்கு வந்தால் திரும்பத் தொடங்கும். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, ஜன்னல்களை இன்னும் இறுக்கிப் பூட்டியிருக்கிறார்கள்.

பொய்லர் இருந்த அலுமாரியைத் திறந்ததும் என் இடுப்பில் இருந்த, நச்சுவாயுவைக் காட்டும் அலாரம் கத்தியது. டார்ச் அடித்துப் பார்த்தேன். பொய்லரின் தலையிலிருந்து சுவருக்குப் போகும் ஃப்ளூ குழாயின் மூட்டு முழுதாக உள்ளே போகவில்லை. உள்ளிருக்க வேண்டிய ரப்பர் வளையம் மடங்கி, ஒரு பக்கம் வெளியே தெரிந்தது. வெளியே போக வேண்டிய புகை அலுமாரிக்குள் வந்துகொண்டிருந்தது. அந்த அலுமாரிக்கு நேர் மேலே அம்மாவின் படுக்கையறை.

ஜன்னல்களைத் திறந்து, காஸை நிறுத்தி, 'உடனடி ஆபத்து' என்ற எச்சரிக்கைத் துண்டைக் கட்டினேன். கார்பன் மொனொக்சைட்டு, அந்தப் புகையில் இருக்கும் நச்சுவாயு, என்று சொல்லி இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள் என்று அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அப்புறம்தான் கார்ட் பற்றிக் கேட்டேன். அக்கா நல்ல வேலை செய்திருந்தார், போனில் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வைத்திருந்தார். முன்பக்கத்தில் பெயர், படம், திகதி எல்லாம் சரி. பின்பக்கத்தில் இருந்தது குக்கர் மட்டும். பொய்லர் இல்லை.

அந்த ஆள் போலி இல்லை. பதிவு பெற்றவர்தான், ஆனால் பொய்லரில் கைவைக்கத் தகுதி இல்லாதவர். பிரித்தானியாவில் வீட்டு காஸ் வேலை பற்றி எங்கள் ஆட்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: முன்பக்கம் வந்தவர் யார் என்று சொல்லும், அவர் எதைத் தொடலாம் என்பது பின்பக்கத்தில்தான் இருக்கும்.

இந்த அட்டையைத் தருவது காஸ் சேஃப் ரெஜிஸ்டர், காஸ் வேலை செய்பவர்களைப் பதிவு செய்யும் அமைப்பு. 2009 ஏப்ரல் 1 வரை அந்த இடத்தில் கோர்கி இருந்தது, பழைய ஆட்கள் இன்னும் "கோர்கி ஆள்" என்றுதான் சொல்வார்கள். யாராவது இன்றைக்குக் கோர்கி அட்டையைக் காட்டினால் அது செல்லாது. கோர்கி வந்த கதை எங்கள் ஊருக்குள்ளேயே இருக்கிறது. மேனர் பார்க்கும் ஈஸ்ட்ஹாமும் இருக்கும் அதே நியூஹாமில், கேனிங் டவுனில், ரோனன் பொயின்ட் என்று 22 மாடிக் கட்டடம். 1968 மே 16 விடியற்காலை 18ஆம் மாடியில் ஒருவர் தேநீர் போட நெருப்புக்குச்சி கொளுத்தினார். கசிந்திருந்த காஸ் வெடித்து, கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ் வரை சரிந்தது, 4 பேர் இறந்தார்கள். குக்கருக்குப் போகும் குழாயை இணைத்த பித்தளை நட்டு தரமில்லாதது என்று விசாரணையில் தெரிந்தது. 1970இல் கோர்கி உருவானது, 1991இல் பதிவு கட்டாயமானது. ஒரு குக்கரைப் பூட்டும்போதுகூட அந்த நட்டு எனக்கு நினைவு வரும்.

சரி, அட்டைக்கு வருவோம். ஆள் வருவதற்கு முன்பே அவருடைய லைசென்ஸ் இலக்கத்தைக் கேளுங்கள். ஏழு இலக்கம். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, நான் கேட்காமலே அனுப்பிவிடுவேன். காஸ் சேஃப் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், அல்லது 0800 408 5500க்கு அழையுங்கள். கொம்பனியின் பெயர் பதிவில் இருப்பது மட்டும் போதாது. உங்கள் கதவில் வந்து நிற்பவரின் படமும் இலக்கமும் ஒத்துப்போக வேண்டும். முதலாளி பதிவு பெற்றவராக இருப்பார், வேலைக்கு வருவது அவருடைய மச்சானாக இருக்கும். அந்த மச்சானுக்குத் தனி அட்டை வேண்டும். முடிவுத் திகதியையும் பாருங்கள், பதிவை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

அப்புறம் திருப்புங்கள். பொய்லர், குக்கர், காஸ் ஃபயர் (அறையைச் சூடாக்கும் காஸ் கணப்பு) என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுதியிருக்கும். ஏன் தனித்தனி என்றால், படிப்பே அப்படித்தான். நான் ஒரு பதிவு பெற்ற என்ஜினியருக்குப் பின்னால் வேனில் அலைந்து, செய்த ஒவ்வொரு வேலையையும் படம் எடுத்துக் கோப்பில் சேர்த்தேன். அதற்குப் பிறகு ஏசிஎஸ் என்ற காஸ் தகுதிப் பரீட்சை. முதலில் காஸ் பாதுகாப்பின் அடிப்படை, அதில் தேறினால் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு பரீட்சை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும். என் அட்டையில் காஸ் ஃபயர் இல்லை, அந்தப் பரீட்சை நான் எழுதவில்லை. பொய்லர் பார்க்கப் போன வீட்டில் "தம்பி, இந்த ஃபயரையும் ஒருக்கால் பாரும்" என்பார்கள். மாட்டேன் என்று சொல்லி, தகுதி உள்ள ஒருவரின் இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வருவேன்.

இயற்கை காஸுக்கும் சிலிண்டர் காஸுக்கும் தகுதி வேறு. வீட்டுக்கும் வியாபாரத்துக்கும் வேறு. கடைக்காரர்களும் கோவில் நிர்வாகத்தில் இருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். டேக்அவேயிலோ மடப்பள்ளியிலோ இருக்கும் பெரிய அடுப்பை வீட்டு அட்டை மட்டும் உள்ளவர் தொடக்கூடாது. "வீட்டுக்கு நல்லாச் செய்தவர்" என்று கடைக்கும் அவரையே கூப்பிடாதீர்கள்.

பிளம்பர் என்றால் காஸ் தெரியும் என்பதும் பிழை. தண்ணீர்க் குழாய் போட இந்த அட்டை தேவையில்லை, காஸ் குழாயைத் தொட்டால் தேவை.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று ஒன்றை மட்டும் பாருங்கள். காஸ் குழாயில் வேலை செய்தவர் கசிவு சோதனை செய்யாமல் போகக்கூடாது. மீற்றருக்குப் பக்கத்தில் அழுத்தம் பார்க்கும் ஒரு கேஜ் பூட்டுவார். என்னிடம் இருப்பது பழைய மாதிரி, யூ வடிவக் குழாயில் தண்ணீர். அழுத்தத்தை 20 மில்லிபார் வரை ஏற்றி நிறுத்தி, ஒரு நிமிடம் அடங்க விட்டு, அடுத்த இரண்டு நிமிடம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். புதிதாகப் போட்ட குழாய் என்றால் தண்ணீர் அசையவே கூடாது. அந்த மூன்று நிமிடமும் நான் யாருடனும் கதைக்க மாட்டேன். மூக்கால் மணந்து பார்த்துவிட்டு "ஓகே" என்று சொல்பவரை அனுப்பிவிடாதீர்கள், சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

குக்கர் என்றால் இன்னும் இரண்டு. ஃப்ளாட்டில் பூட்டும் குக்கரில், சுவாலை அணைந்தால் காஸை நிறுத்தும் பாதுகாப்பு எல்லாப் பேர்னருக்கும் இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பழைய குக்கர்களில் அது இருக்காது, வாங்கும் முன்பே பாருங்கள். நின்று எரியும் குக்கர் முன்னால் சாயாமல் சங்கிலியோ கொக்கியோ போட வேண்டும். குசினியில் பிள்ளைகள் ஓவன் கதவில் ஏறுவார்கள்.

கடுதாசிகள்: புதுப் பொய்லர் பூட்டினால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போட்டவர் 30 நாளுக்குள் அதை அறிவிக்க வேண்டும், அதற்குச் சான்றிதழ் வரும். வீடு விற்கும்போது சொலிசிட்டர் அதைக் கேட்பார். பொய்லருடன் வந்த புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கும், அதை நிரப்பிக் கையெழுத்து வாங்குங்கள். இல்லாவிட்டால் வாரண்டியில் பிரச்சினை வரும். அந்த அக்காவின் புத்தகத்தில் அந்தப் பக்கம் வெள்ளையாக இருந்தது.

வாடகைக்கு இருந்தால், வீட்டுக்காரர் தான் கொடுத்த காஸ் சாதனங்களை வருடத்துக்கு ஒருமுறை பதிவு பெற்றவரைக் கொண்டு பார்க்க வேண்டும். அந்தச் சோதனைக்குத் தரும் பத்திரத்தை இன்னும் சிபி 12 என்றுதான் சொல்கிறோம், கோர்கி காலத்துப் பெயர். சோதித்து 28 நாளுக்குள் உங்களுக்குப் பிரதி தர வேண்டும், புதிதாகக் குடிவருபவருக்கு வரும் முன்பே. 2022 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் பொய்லர் இருக்கும் அறையில் கார்பன் மொனொக்சைட்டு அலாரமும் வீட்டுக்காரர் வைக்க வேண்டும். எங்கள் ஆட்களில் இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விடுபவர்கள் நிறைய. தயவுசெய்து இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், உள்ளே படுப்பது இன்னொருவரின் பிள்ளைகள். சொந்த வீடு என்றாலும் ஒரு அலாரம் வாங்கி வையுங்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.

காஸ் மணம் வந்தால் மீற்றருக்குப் பக்கத்துப் பிடியைத் திருப்பி நிறுத்துங்கள், ஜன்னல்களைத் திறவுங்கள். சுவிட்சைத் தொடவேண்டாம். வெளியே வந்து 0800 111 999க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

அந்த அக்கா முறைப்பாடு செய்யத் தயங்கினார். "கோவிலில் முகம் பார்க்கிற ஆள்" என்றார். அவர் இன்னும் எத்தனை வீட்டில் பொய்லர் போட்டிருப்பார் என்று கேட்டேன். அடுத்த நாள் காஸ் சேஃபுக்கு அக்காவே அழைத்தார். பரிசோதகர் இலவசமாக வந்து பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போனார்.

ஃப்ளூவைத் திரும்பச் சரியாகப் பூட்ட அடுத்த கிழமை நான் போனபோது அம்மாதான் கதவைத் திறந்தார். தலையிடி போய்விட்டது என்றார். அட்டையை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்பக்கத்தைப் பார்த்தார்.

"இப்ப மற்றப் பக்கத்தைக் காட்டும் தம்பி."