பழைய கார் டெம்பரேச்சர் சென்சார்: மாற்றும் முன் சோதித்துப் பாருங்கள்

டெம்பரேச்சர் முள் அசையவில்லை என்றால் பழி முதலில் சென்சார் மேல்தான் விழும். நானும் அப்படி இரண்டு சென்சார் வாங்கி மாட்டினேன். முள் படுத்தது படுத்தபடியே கிடந்தது. கடைசியில் பார்த்தால், சென்சார் தலையில் செருகும் வயரின் கிளிப்புக்குள் பச்சைப் பச்சையாகக் களிம்பு. உப்புத்தாளைச் சுருட்டி நாலு தேய் தேய்த்ததும் முள் எழுந்துவிட்டது! அதனால் கழற்றுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். எஞ்சினிலிருந்து டேஷ்போர்டு வரை மெல்லிய உலோகக் குழாய் ஓடினால் அதில் மின்சாரமே கிடையாது; இந்தச் சோதனைகள் அதற்குப் பொருந்தாது. ஒற்றை வயர் சென்சார் என்றால் அது பெரும்பாலும் கேஜுக்கானது, அதாவது டேஷ்போர்டில் முள் காட்டும் மீட்டருக்கானது. இரண்டு பின் இருந்தால் பெரும்பாலும் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனுக்கானது. அதற்குப் படி 1-ம் 2-ம் வேண்டாம், நேராகப் படி 3-க்குப் போகலாம்.

சென்சாருக்குள் இருப்பது ஒரு சின்ன வில்லை. குளிரில் அதன் மின்தடை அதிகம், சூடு ஏற ஏறக் குறையும். ஒற்றை வயர் வகையில் சென்சாரின் உடம்புதான் எர்த், அதாவது மின்சாரம் எஞ்சின் உலோகம் வழியாகத் திரும்பும் பாதை. இது நினைவில் இருக்கட்டும்.

படி 1: வயர்

எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். சென்சாரிலிருந்து வயரை உருவினால் முள் குளிர் பக்கம் இறங்க வேண்டும். அப்புறம் அந்த வயர் முனையை எஞ்சினின் சுத்தமான உலோகத்தில் தொடுங்கள். முள் மெதுவாக மேலே ஏறும். பழைய கேஜ்கள் சோம்பேறிகள், சில நொடி எடுக்கும். பாதி தாண்டியதும் வயரை எடுத்துவிடுங்கள். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் கேஜ் கருகிவிடலாம். சில மிகப் பழைய கார்களில் முள் தலைகீழாக நகரும். அது அசைகிறதா என்பதுதான் நமக்குக் கேள்வி.

அசைந்தால் கேஜும் வயரும் நலம், சந்தேகம் சென்சார் பக்கம் வருகிறது. அசையவில்லை என்றால் ஃபியூஸ், வயர், கேஜ் மூன்றையும் பாருங்கள். பெட்ரோல் முள்ளும் சேர்ந்து தப்பாகக் காட்டுகிறதா? இரண்டுக்கும் பொதுவான வோல்டேஜ் ஸ்டெபிலைசர்தான் குற்றவாளியாக இருக்கும். பல பிரிட்டிஷ் கார்களில் அது கேஜ்களுக்குச் சராசரி 10 வோல்ட் கொடுக்கும். அதன் எர்த் விட்டுப்போனால் இரண்டு முள்ளும் கூடுதலாகக் காட்டும்.

படி 2: குளிர்ந்த எஞ்சினில் மல்டிமீட்டர்

வயர் கழன்றே இருக்கட்டும். மீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைச் சென்சார் டெர்மினலிலும் மற்றதை சென்சாரின் அறுகோண உடம்பிலும் வையுங்கள். குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டாவது முனையை பேட்டரி நெகட்டிவுக்கு மாற்றுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் சரி. இரண்டாவது மட்டும் எகிறினால் சென்சாருக்கு எர்த் கிடைக்கவில்லை. மரையில் தாராளமாகச் சுற்றிய டெஃப்லான் டேப்பே இதைச் செய்யும்!

படி 3: வெந்நீர்

எஞ்சின் நன்றாக ஆறியபின் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். கூலன்ட்டைக் கொஞ்சம் வடித்துவிட்டு சென்சாரைக் கழற்றுங்கள். வடித்தது தரையில் கிடக்க வேண்டாம். இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கினால் உயிருக்கே ஆபத்து.

சமையலுக்குத் திரும்பாத ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, சென்சாரின் நுனி மட்டும் முங்கும்படி கம்பியில் தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடியில் படக்கூடாது, அடிப்பாகம் தண்ணீரைவிடச் சூடு. பக்கத்தில் தெர்மாமீட்டர். டெர்மினலிலும் உடம்பிலும் மீட்டரைப் பிடித்து (இரண்டு பின் என்றால் இரண்டு பின்னிலும்), 20, 40, 60, 80 டிகிரியில் அளவை எழுதுங்கள். அடுப்பைச் சின்னதாக வையுங்கள், அவசரப்பட்டால் எண்கள் பொய் சொல்லும்.

கேஜ் சென்சார்கள் பெரும்பாலும் குளிரில் சில நூறு ஓமில் தொடங்கி, கொதிநிலை நெருங்கும்போது சில பத்துகளுக்கு வரும். பாஷ் வகை இரண்டு பின் சென்சார் 20 டிகிரியில் சுமார் 2500 ஓம், 80 டிகிரியில் 300 சொச்சம். உங்கள் வண்டியின் சரியான எண் ஒர்க்‌ஷாப் மேனுவலில் இருக்கும். மேனுவல் இல்லையென்றாலும் கவலையில்லை: எண் சீராக இறங்கினால் வில்லை உயிரோடு இருக்கிறது. அசையாமல் நின்றாலோ, நடுவில் தாவினாலோ புதுசு வாங்குங்கள்.

திரும்ப மாட்டும்போது முதலில் கையாலேயே திருகுங்கள். பித்தளை மரை, முரட்டுத்தனம் தாங்காது. கூலன்ட் ஊற்றியதும் உள்ளே காற்று நிற்காமல் வெளியேற்றுங்கள். நுனி காற்றில் இருந்தால் நல்ல சென்சாரும் உளறும்.

எல்லாம் சரி, ஆனாலும் முள் கீழேயேதான் என்றால், ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஃபேனுக்குக் கை போகாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சில நிமிடம் சில்லென்று இருந்து திடீரென்று சுட வேண்டும். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பு ஏறினால், திறந்தபடி மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) கவனியுங்கள்.